பஞ்சு இணைக்கப்பட்டுள்ளது

மே 1, வியாழன்

இந்த நோட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வயல் குறிப்புக்காக அச்சிடப்பட்டது. பக்கத்தின் தலையில் தேதி, வயல் எண், ரகம், இலை எண், புள்ளியின் அளவு என்று கட்டங்கள் உண்டு. இருபத்தொன்பது ஆண்டுகளாக வாழை இலையில் விழும் புள்ளிகளை இதுபோன்ற நோட்டுகளில் பதிந்துவருகிறேன். கழித்துக்கட்டிய பழைய நோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்று முதல் என் தோலில் விழுந்த புள்ளிகளைப் பதியத் தொடங்குகிறேன்.

ரகம் என்ற கட்டத்தில் 'இளஞ்செழியன், வயது 55' என்று எழுதினேன். அரசி எட்டிப் பார்த்தாள்.

"பூவனா, ரஸ்தாளியா?"

"எதை எழுதட்டும்?"

"வயித்தப் பாத்தா மொந்தன்னுதான் போடணும்."

முப்பதாண்டு மணவாழ்க்கையில் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் கற்றுக்கொண்டது வாழை ரகங்களின் பெயர்களை மட்டுமே. அவற்றையும் இப்படித்தான் பயன்படுத்துகிறாள்.

குறிப்பு எழுதும் காரணத்தை முறைப்படி பதிவு செய்கிறேன். கடந்த நவம்பரில் என் வலது முன்கையில் ஒரு படை தோன்றியது. டிசம்பர் 12 அன்று தேனியில் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். அவருடைய பெயரை இங்கே எழுதி அதற்கு மரியாதை செய்ய விருப்பமில்லை. அவர் கையைத் தொடவில்லை. விளக்கைத் திருப்பவும் இல்லை. கைபேசியிலிருந்து ஒருமுறை தலையை உயர்த்தினார். "படர்தாமரை. பூஞ்சை" என்றார். மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று நான்தான் சொன்னேன். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல இது கூடாது சார், ஒட்டிக்கும்" என்றார். நாற்பது விநாடி.

அந்த நாற்பது விநாடியின் விளைவு இது. நறுமுகையின் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. வளைகாப்பு முடிந்த பெண் பிறந்த வீட்டுக்கு வராமல் ஓசூரிலேயே தங்கிவிட்டாள். அரசி ஒரு மாதம் விடுப்பெடுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக இருந்து மகளுக்குப் பத்திய உணவு சமைத்தாள். பிப்ரவரி 9 அன்று பிறந்த பேத்தி நன்முல்லையை நான் இன்னும் தொட்டதில்லை. 'முழுசா குணமானதும் அனுப்பி வைக்கிறோம்' என்று சம்பந்தியம்மாள் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

நான் முனைவர் பட்டம் வாங்கியது பூஞ்சையில். இலையில் புள்ளியைக் கண்டவுடன் பூஞ்சை என்று சொல்லும் முதலாண்டு மாணவனை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் இழையைப் பார்த்த பிறகே அந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டும். ஆயினும் ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மூன்று மாதம் களிம்பு தடவினேன். மார்ச்சில் படை மூன்றானது. அப்போதுதான் என் தோலை நானே சுரண்டி, பொட்டாஷ் கரைசல் விட்டுப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். ஓர் இழைகூட இல்லை.

இம்மாதம் 22 அன்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தோல் மருத்துவர் டாக்டர் மெஹருன்னிசாவைப் பார்க்கப் போகிறேன். இப்போது பயிற்சிக்குப் போயிருக்கிறார், அன்றுதான் திரும்புகிறார் என்று எங்கள் ஆய்வகத்துத் தவமணி விசாரித்துச் சொன்னார். இம்முறை யாரும் என்னை நாற்பது விநாடியில் அனுப்பிவைக்க முடியாது. எழுத்தில் கொண்டுபோவேன்.

நான் கோபக்காரன் அல்லன். இவை வெறும் தகவல்கள்.


மே 4, ஞாயிறு

அளவெடுத்தேன். இலைப்புள்ளிக்குச் செய்வதுபோல் மெல்லிய பாலித்தீன் தாளைத் தோலின்மேல் விரித்து, விளிம்பை வரைந்து, கட்டத்தாளுக்கு மாற்றும் முறை.

அ: வலது முன்கையின் வெளிப்புறம், முழங்கைக்குக் கீழே. 62 மி.மீ. நீளம், 41 அகலம். நிறம் வெளிறிய செம்பு. விளிம்பு சற்றே உயர்ந்தது. நடுவில் ரோமம் உதிர்ந்திருக்கிறது.

ஆ: வலது தோள்பட்டையின் பின்புறம். 35, 30.

இ: இடது தொடை. 28, 28. ஏறக்குறைய வட்டம்.

காலையில் தோட்டத்தில் மண் கிளறியபோது ஒன்றைக் கவனித்தேன். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது; 'அ' மட்டும் காய்ந்து கிடந்தது. இது ஒரு நல்ல அவதானிப்பு. எந்த நோயாளியும் இதைச் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அரிப்பு: இல்லை. எரிச்சல்: இல்லை. வலி: இல்லை. நல்ல வேளையாகத் தொந்தரவு என்று ஒன்றுமே இல்லை.

தோளில் இருப்பதை நானே வரைய இயலாது. அரசியிடம் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"எப்பத்தான் ஆரம்பிக்கப்போற?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. ரெண்டு சுத்து சுத்தியாச்சு."

அவளுக்கு மென்மையான கை. தபால் நிலையத்தில் முப்பதாண்டு முத்திரை குத்திய கை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சொன்னேன். வழக்கமாகச் சிரிப்பாள். இன்று பேனாவை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. மிகவும் நன்றாக இருந்தது.


மே 5, திங்கள்

காப்பியை இன்று டம்ளரில் தராமல் டபராவில் ஆற்றிக் கொடுத்தாள். டம்ளர் கொதிக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.


மே 7, புதன்

சோதனை வயலில் ஏழாவது பாத்தி எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. புதிய ரகத்தில் நான்காம் இலைவரை புள்ளியே இல்லை. இருபது ஆண்டு உழைப்பு பச்சையாக நிற்பதைப் பார்ப்பது ஒரு சுகம்.

மாலை ஆய்வகத்தில் வளர்ப்புத் தட்டுகளுக்கு மாற்றுப் பதியம் செய்துகொண்டிருந்தேன். ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, ஆறவிட்டு, தொடும் வேலை. கவனம் முழுவதும் தட்டில் இருந்தது.

"சார், ஏதோ கருகுற வாசம் வரல?" என்றார் தவமணி.

"ஏகார் கூழ் பொங்கியிருக்கும். அடுப்பைப் பாருங்க."

"ஏகாரெல்லாம் இல்ல சார். கைய எடுங்க. கைய எடுங்கன்னு சொல்றேன்ல."

வலக்கையின் ஓரம், சுண்டுவிரலின் அடிப்புறம், விளக்கின் அருகே போயிருந்திருக்கிறது. சிறிய கொப்புளம். வேலையில் ஆழ்ந்துவிட்டால் எனக்கு இப்படித்தான், பசியும் தெரியாது. தவமணி களிம்பு தடவிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு ஊசி குத்துனாலே ஊரக் கூட்டுவாரு. நீங்க பெரிய முனிவர்தான் சார்" என்றார். புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

அரசியிடம் சொல்லவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டாள்.


மே 11, ஞாயிறு

நறுமுகை கைபேசியில் அழைத்தாள். பேத்தி இப்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். திரைக்குள்ளிருந்து என் மூக்குக்கண்ணாடியையே முறைத்தாள்.

"அப்பா, அவ உங்களத்தான் பாக்குறா. ஏதாவது பேசுங்க."

"என்ன பேசுவது?"

"உங்க வாழையப் பத்தியே பேசுங்க. தூங்கிருவா."

இலைப்புள்ளியின் மூன்று நிலைகளை விளக்கினேன். இரண்டாம் நிலையில் தூங்கிவிட்டாள். நறுமுகை வாய்விட்டுச் சிரித்ததில் குழந்தை மீண்டும் விழித்துக்கொண்டது.

பின்னாலிருந்து சம்பந்தியம்மாளின் குரல் கேட்டது: "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேளும்மா." அக்கறைதான். அவர்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. படித்த மருத்துவர் ஒட்டும் என்று சொன்னால், எந்தப் பாட்டியும் பச்சைக்குழந்தையை அனுப்பமாட்டார். குறை எங்கே என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். தேதியும் நேரமும் உட்பட.


மே 13, செவ்வாய்

குறிப்பு பதினோரு பக்கம் வந்துவிட்டது. நோயின் வரலாறு, படைகளின் வரைபடம், வாராவாரம் எடுத்த புகைப்படங்கள், போட்ட மருந்துகளும் பயனின்மையும், நுண்ணோக்கி முடிவுகள், குடும்ப வரலாறு, என் கேள்விகள்.

அரசி புரட்டிப் பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது தந்தி இருந்தது. சொற்களை எண்ணிப் பழகியவள்.

"இம்புட்டையும் அந்தம்மா எப்பப் படிக்கிறது?"

"படிக்க வேண்டும். அது அவர்கள் கடமை."

"வெளிய எழுபது பேரு நிப்பாங்க. நீங்க பத்து வார்த்தையில சொல்லுங்களேன்."

"பத்துச் சொல்லில் சொன்னால் நாற்பது விநாடியில் பதில் வரும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம். சாப்பிட வாங்க" என்றாள்.

ஒன்பது கேள்விகள். எட்டுக் கேள்விகள் அறிவியல் சார்ந்தவை. ஒன்பதாவது: 'மூன்று மாதக் கைக்குழந்தையை நோயாளி தூக்கலாமா? ஆம் எனில் எப்போதிலிருந்து?' இதை 'நோயாளி' என்றே எழுதியிருக்கிறேன். அதுதான் முறை.


மே 16, வெள்ளி

புதுச் சட்டையில் பொத்தான் துளைகளைச் சிறிதாக வைத்துவிட்டார்கள். வலக்கை விரல்களில் பொத்தான் நிற்காமல் நழுவுகிறது. அரசி போட்டுவிட்டாள். பழைய சட்டையிலும் அவளே போட்டுவிட்டாள், கேட்காமலேயே.

மதியம் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தோல் நோய்கள் பற்றிய தடித்த நூல் ஒன்றை எடுத்தேன். படங்களின் அச்சு தெளிவாக இல்லை. ஓர் அத்தியாயத்தில் மூன்று பக்கம் படித்தேன். மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஏழாம் கேள்வியை அடித்தேன். கேள்விகள் இப்போது எட்டு. எண்களை மாற்றவில்லை.


மே 18, ஞாயிறு

முதல் மருத்துவருக்கு எழுதவேண்டிய கடிதத்தின் வரைவு முடிந்தது. நான்கு பக்கம். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. தாங்கள் என் கையைத் தொடவில்லை என்பதை நான்கு வெவ்வேறு இடங்களில், நான்கு வெவ்வேறு வாக்கிய அமைப்பில் சொல்லியிருக்கிறேன். 22ஆம் தேதிக்குப் பிறகு, சரியான நோயின் பெயரை இரண்டாம் பத்தியில் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

மாலை மழை. கம்பம் பக்கத்து மலையிலிருந்து இறங்கிய காற்றில் வீடு முழுக்க ஈரமண் வாசம். அரசி வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். சட்டியருகே என்னை அண்டவிடவில்லை. ஹாலில் உட்காரவைத்து, தட்டில் ஆறிய பிறகே கொண்டுவந்தாள். ராஜ உபசாரம்.


மே 21, புதன்

கோப்பு தயார். நாளைக் காலை ஆறரை மணிப் பேருந்து. கோப்பை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அரசி வாங்கினாள். எழுத்துப்பிழை பார்க்கிறாளாம். என் எழுத்தில் பிழை இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கொடுத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன்.


மே 22, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு உள்ளே அழைத்தார்கள். டாக்டர் மெஹருன்னிசாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசைமேல் கைபேசி இல்லை. கோப்பை நீட்டினேன். அதன் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"சார் என்ன வேலையில இருக்கீங்க?"

"பயிர் நோயியல். வாழை."

"அதான். இவ்வளவு ஒழுங்கா என் ஸ்டூடண்ட்ஸ்கூட கேஸ் ஷீட் எழுத மாட்டாங்க."

அவர் படித்தார். உண்மையாகவே படித்தார். வரைபடத்தில் விரலை வைத்து ஓட்டினார். வியர்வை பற்றிய வரியில் நின்று, அதன் கீழே கோடிட்டார். நுண்ணோக்கி முடிவில் புருவத்தை உயர்த்தினார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக என் நெஞ்சு இளகியது. பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"இது யாரோட கையெழுத்து?"

பின்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. எட்டிப் பார்த்தேன். பென்சிலில், தந்திப் படிவம்போலச் சின்னச் சின்ன எழுத்தில் இரண்டு வரி:

'இவருக்கு வலது கையில் சூடு தெரிவதில்லை. தொட்டாலும் தெரிவதில்லை. சொன்னால் ஏற்கமாட்டார்.'

எண்ணிப் பார்த்தேன். பத்துச் சொல்கூட இல்லை. அரசி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து சிறிது பஞ்சை எடுத்து, நுனியைத் திரித்தார்.

"கண்ண மூடிக்கங்க சார். நான் தொடுற இடத்த நீங்க உங்க இடது கை விரலால காட்டணும். அவ்வளவுதான்."

முதலில் நெற்றி. காட்டினேன். இடது கை. காட்டினேன். கழுத்து. காட்டினேன். பிறகு நிறுத்திவிட்டார். காத்திருந்தேன். வெளியே யாரோ சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள். மின்விசிறியின் ஒலியைக் கேட்டபடி, அடுத்த பகுதி எப்போது தொடங்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கண்ணத் திறங்க சார்."

பஞ்சு மேசைமேல் இருந்தது. அவர் கையில் பேனா இருந்தது. என் வலது முன்கையில், நான் அத்தனை துல்லியமாக அளந்து வைத்த 'அ' முழுவதிலும், நீல மைப் புள்ளிகள். கையின் ஓரமாக இறங்கி, சுண்டுவிரலின் நுனிவரை. எண்ணினேன். பதினான்கு. ஒன்றைக்கூட நான் காட்டவில்லை.

இருபத்தொன்பது ஆண்டுகளாகப் புள்ளிகளை எண்ணுபவன் நான். நிறம், விளிம்பு, அளவு, ஈரம், ரோமம் எல்லாவற்றையும் எழுதினேன். தொட்டால் தெரிகிறதா என்று ஒரு கட்டம் அந்த நோட்டில் இல்லை. வாழை இலையிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. என்னிடமும் நான் கேட்கவில்லை.

டாக்டர் என் முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. அவர் காட்டிய பிறகு எனக்கே தட்டுப்பட்டது.

"பேரச் சொல்லலாமா? இல்ல, உங்களுக்கே தெரியுமா?"

"ஏழாம் கேள்வி," என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, அடித்த வரியை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார்.

"ஆமா சார். தொழுநோய்தான். ஆரம்ப வகை. ஆறு மாசம் மாத்திரை. இங்கயே குடுப்போம். இந்த ஆறு மாசத்துல போயிரும்."

அரசி அப்போதுதான் நாட்காட்டியிலிருந்து திரும்பினாள். "விரலு டாக்டர்?"

"நரம்புக்குத் தனியா மாத்திரை தர்றேன். கொஞ்சம் திரும்பும். முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்மா. டிசம்பர்ல வந்திருந்தா கொடுத்திருப்பேன்."

டிசம்பரைப் பற்றிப் பேச வேண்டியவற்றை ஏற்கெனவே நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

"ஒன்பதாவதுக்கு நீங்க பதில் சொல்லல," என்றாள் அரசி. எனக்காக அவள் கேட்டாள்.

டாக்டர் மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்து, தண்ணீர்க் குவளையை என் இடக்கையில் கொடுத்தார். "முதல் வேளைய என் முன்னாடியே போடுங்க. போட்டாச்சா? இனிமே இது உங்ககிட்டருந்து யாருக்கும் போகாது. வீட்டுல இருக்குற உங்களுக்கு மட்டும் ஒரே ஒரு வேளை தடுப்பு மருந்து தர்றேன்மா. குழந்தைய இன்னிக்கே தூக்கலாம்."

"அதை எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்றேன்.

சிரித்தார். ஒன்பதாம் கேள்வியின் எதிரே, 'தாராளமாகத் தூக்கலாம்' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். பிறகு சொன்னார்: "சூடான எதையும் முதல்ல இடது கையால தொடுங்க. தினமும் ரெண்டு கையையும் நல்லா பாருங்க, காயம் இருக்கான்னு. உங்களுக்குப் பாக்குறதுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல."

இருபத்தாறு நிமிடம்.

பேருந்து நிலையத்தில் அரசி இளநீர் வாங்கித் தந்தாள்.

"எப்போதிலிருந்து தெரியும்?" என்றேன்.

"முதுகுல கோடு போட்டன்னிக்கு. நீங்க இன்னும் ஆரம்பிக்கலயான்னீங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. டபராவுல."


மே 23, வெள்ளி

சிறுநீர் செந்நிறமாகப் போகும், மாத்திரையின் சாயம்தான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவ்வாறே போயிற்று. அரசியிடம் தெரிவித்தேன். "செவ்வாழை" என்றாள்.

நறுமுகையை அழைத்து, நோயின் பெயரைச் சொன்னேன். எந்தச் சுற்றுச்சொல்லும் பயன்படுத்தவில்லை.

"மாத்திரை ஆரம்பிச்சுட்டீங்களாப்பா?"

"நேற்றே."

"அப்ப நான் வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அத்தைகிட்டதான் இந்தப் பேர எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேற ஏதாவது பேரு இருக்கா இதுக்கு?"

"இல்லை. ஏற்கெனவே ஒரு வேறு பேர் சொன்னார்கள். அதன் பலனைப் பார்த்துவிட்டோம்."

டாக்டர் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.


மே 25, ஞாயிறு

ஓசூரிலிருந்து தகவல் இல்லை.

நான்கு பக்கக் கடிதத்தை எடுத்தேன். விட்டு வைத்திருந்த இடத்தில் நோயின் பெயரை நிரப்பி, முழுவதையும் படித்தேன். 'தாங்கள் தொடவில்லை' என்று நான்காம் முறை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். முழுமையாக இங்கே படியெடுக்கிறேன்.

'மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

டிசம்பர் 12 அன்று தாங்கள் படர்தாமரை என்று கூறிய என் தோல் நோய், தொழுநோய் என்று மே 22 அன்று கண்டறியப்பட்டது. கண்டறிந்த கருவியை இத்துடன் அனுப்பியுள்ளேன். அதன் நுனியைத் திரித்து, நோயாளியின் கண்களை மூடச் சொல்லி, தோலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். நாற்பது விநாடி போதுமானது. ஐந்து மாதமாக நானும் இதைச் செய்யத் தவறினேன். ஆனால் நான் வைத்தியம் பார்ப்பது வாழைக்கு.

தங்கள் உண்மையுள்ள,
இளஞ்செழியன்.

பஞ்சு இணைக்கப்பட்டுள்ளது.'

அரசி வாங்கிப் படித்தாள். ஒரு சொல்லையும் குறைக்கச் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து, வெள்ளைத் தாளில் மடித்து, கடிதத்தோடு குண்டூசியால் குத்தினாள். அந்த வேலையை என்னிடம் தரவில்லை. "ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல போடறேன். வரலன்னு சொல்ல முடியாது" என்றாள்.


மே 28, புதன்

ஏழாம் பாத்தியில் ஐந்தாம் இலையும் சுத்தம். தவமணி ஸ்பிரிட் விளக்கை என் மேசையிலிருந்து தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். நோயின் பெயரைச் சொல்லித்தான் காரணத்தை விளக்கினேன். "அப்ப முனிவர் இல்லையா சார் நீங்க?" என்றார். அதன்பின் என் டிபன் பெட்டியிலிருந்து வழக்கம்போல் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொண்டார். அவர் எடுப்பதை நான் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தேன்.

மாலை சம்பந்தியம்மாளே அழைத்தார்.

"அண்ணா, அந்தத் தாள நாலு தடவ படிச்சேன். ஒரு நாளு பயந்துதான் கெடந்தேன், பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சேன். அந்தாளு ஒட்டும்னு வாயால சொன்னத நம்பி புள்ளய அனுப்பாம இருந்தோம். இந்தம்மா சீல் குத்தி எழுதிக் குடுத்திருக்காங்க. அத நம்பலன்னா எப்படி? பதினஞ்சாந்தேதி நாள் நல்லாருக்கு. நானே கூட்டிட்டு வரட்டுமா?"

"அவசியம் வாருங்கள்," என்றேன். நாட்காட்டியில் ஜூன் 15ஐச் சுற்றி வட்டமிட்டேன்.


ஜூன் 4, புதன்

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து இருக்கிறது. பதில் எதிர்பார்க்கவில்லை. அட்டையை இந்த நோட்டில் ஒட்டி வைத்தேன்.


ஜூன் 15, ஞாயிறு

காலை பத்தேகாலுக்கு வந்தார்கள். அரசி வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள். சம்பந்தியம்மாள் குழந்தையைத் தன் கையிலிருந்து நேராக என் மடியில் வைத்தார். நறுமுகை வாங்கித்தான் கொடுப்பாள் என்று எண்ணியிருந்தேன். அவர் இடையில் யாருக்கும் இடம் தரவில்லை. "தாத்தாகிட்ட போடி. உனக்கு வாழையப் பத்திச் சொல்லுவாரு" என்றார்.

குளிப்பாட்டும் தண்ணீரில் கைவைத்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு இல்லை. மற்ற எல்லாப் பொறுப்பும் உண்டு.

பிற்பகல் எல்லோரும் படுத்த பிறகு, நானும் அவளும் மட்டும் கூடத்தில் இருந்தோம். என் அவதானிப்புகள்:

நன்முல்லை. வயது நான்கு மாதம், ஆறு நாள். எடை குறிப்பிடத்தக்கது. நிறம் அரசியுடையது. இடது காதுமடலின் பின்னால் ஒரு மச்சம், 2 மி.மீ., பிறவி மச்சம், கவலையில்லை.

வலக்கைச் சுண்டுவிரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஐந்து விரல்களும் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தொடு உணர்வு: இல்லை.

சற்று நேரம் அப்படியே இருக்கவிட்டேன்.

பிறகு அந்த விரலை மெல்ல விடுவித்து, இடக்கைச் சுண்டுவிரலைக் கொடுத்தேன். தொடு உணர்வு: உண்டு. வெதுவெதுப்பு, சிறிது ஈரம், நகம் ஒன்று வெட்டப்பட வேண்டும்.

நோட்டில் இதற்கென்று கட்டம் இல்லாததால், பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒன்று வரைந்துகொண்டேன். அவள் விரலை விடாததால் கோடு நேராக வரவில்லை.